படகில் கிடந்த கற்கள்

2003 மே 17, சனிக்கிழமை. கனடா, ஒன்டாரியோ மாகாணம், தண்டர் பே நகருக்கு மேற்கே ஹாக்கலா ஏரி. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆர்வோ பெல்கோனன், வயது அறுபத்து நான்கு, நீரில் மூழ்கி இறந்தார். அன்று ஏரி நீரின் வெப்பநிலை ஐந்து டிகிரி.

அடுத்து வந்த நாட்களில் போலீஸ் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. ஆர்வோ தன் பழைய மரப்படகில் சவுனா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்புக்குக் கற்களை ஏற்றிக்கொண்டு, அக்கரையில் இருக்கும் தம்பி வெய்க்கோ வீட்டுக்குத் துடுப்புப் போட்டுப் போனார். அந்தக் குளிர்காலத்தில்தான் பழுது பார்த்த படகு. பலகை இடுக்குகளில் நீர் புகுந்தது, படகு கவிழ்ந்தது, கதை முடிந்தது.

பழுது பார்த்தவன் சூலோ ஹர்யு. அவன் கொட்டகையில் எப்போதும் படகுகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கும். அவன் கூப்பிட்டு ஹெல்வி காங்கஸ் அங்கே போய் நின்றபோது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதையும் இரண்டு பேர் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சூலோவிடம் அவர்கள் பேசவில்லை. கயிற்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

"நாளைக்குக் காலையில விசாரணை. 'பழுது பார்த்ததில் குறை'ன்னு அதிகாரி எழுதிட்டா, நான் இந்த ஊர்ல ஒரு நாற்காலிக்குக்கூட ஆணி அடிக்க முடியாது" என்றான் சூலோ. "ஒரு வாரம் ஊறப்போட்டுட்டு எடுங்கன்னு அவர்கிட்ட சொன்னேன். சொன்னதுக்கு ஒரே சாட்சி அவர்தான்."

"நல்ல சாட்சியாப் பாத்துதான் புடிச்சிருக்கே" என்றான் டெல்மர் ருசோ.

டெல்மர் ஹெல்வியின் உதவியாளன். அதற்கு முன் உள்ளூர் வானொலியில் மீன் நிலவரமும் வானிலையும் வாசித்துக்கொண்டிருந்தவன். ஒரு நாள் நேரலையில் மேயரை "லேசான மூடுபனி" என்று வர்ணித்ததால் வேலை போனது. ஹெல்வி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

ஹெல்விக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபது வருடம் மாவட்டத்தின் மூழ்காளராக இருந்து, ஏரிகளின் அடியிலிருந்து மனிதர்களை மேலே கொண்டுவந்தவள்; இப்போது தனியாகத் துப்பறிகிறாள். ஏரிகளின் குளிர் அவள் வலது கையின் மூன்று விரல்களிலிருந்து உணர்ச்சியை எடுத்துக்கொண்டுவிட்டது. மற்றதையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது என்று அவளுடைய முன்னாள் கணவர் சொல்வார். அவள் மறுத்ததில்லை.

"படகைப் பாக்கலாம், வா" என்றாள்.

போலீஸ் நிலையத்தின் பின்னால் இருந்த கார் கொட்டகையில், இரண்டு மரத் தாங்கிகள் மேல் ஆர்வோவின் படகு உட்கார்ந்திருந்தது. மூலையில் ஒரு பெரிய ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது. சார்ஜென்ட் பர்டி நல்ல மனிதர். கையில் எப்போதும் காபி இருக்கும், முகத்தில் எப்போதும் அவசரமின்மை இருக்கும்.

"இந்த ஹீட்டர் எப்போலேர்ந்து ஓடுது சார்?" ஹெல்வி கேட்டாள்.

"படகு வந்த நாள்லேர்ந்து. சாட்சிப் பொருள்ல பூஞ்சை புடிக்கக் கூடாதுல்ல."

"அதுக்கப்புறம்தான் தண்ணி ஊத்திப் பாத்தீங்களா?"

"ஆமா. சல்லடை கணக்கா ஒழுகிச்சு."

"என்னையும் ஒரு வாரம் ஹீட்டர் முன்னாடி படுக்க வெச்சாங்கன்னா நானும் ஒழுகுவேன் சார்" என்றான் டெல்மர்.

பர்டி சிரித்தார். ஹெல்வி சிரிக்கவில்லை. அவள் படகின் பின்பக்க இருக்கைக்கு அடியில் குனிந்திருந்தாள். அங்கே நான்கைந்து கற்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒவ்வொன்றும் தட்டையாக, முழு ரொட்டி அளவில் இருந்தது. இடது கையால் ஒன்றைத் தடவினாள். வலது கை அவளுக்குப் பொய் சொல்லும்.

"இது சவுனா கல்லுன்னு யார் சொன்னா?"

"வேற என்ன? ஃபின்லாந்துக்காரங்க ஏரி. நீங்கள்லாம் கல்லைச் சுட்டுத்தானே குளிக்கிறீங்க?"

"நீங்க சவுனாவுல குளிச்சிருக்கீங்களா?"

"எங்க வீட்ல ஷவர் இருக்கு" என்றார் பர்டி.

"அடுப்புக்குப் போற கல்லு ஒரு கைக்குள்ள அடங்கணும். காய்ஞ்ச இடத்துல பொறுக்கினதா இருக்கணும். தண்ணியில வருஷக்கணக்கா கெடந்த கல்லை நெருப்புல போட்டா வெடிச்சு மூஞ்சியில அடிக்கும். எங்க வீடுகள்ல பிள்ளைங்க நடக்கக் கத்துக்கும்போதே இதையும் கத்துக்கும்." கல்லைப் புரட்டிக் காட்டினாள். அடிப்பக்கம் முழுக்கப் பாசி, காய்ந்து பச்சைத் தூளாகியிருந்தது. "இந்தப் பாசி ஒரு வசந்தத்துல வந்தது இல்ல."

"அப்ப இது என்ன கல்லு?"

"பாத்துட்டு வந்து சொல்றேன். இன்னொண்ணு. துடுப்பைத் தாங்குற கொண்டி ரெண்டும் எங்க?"

"கவிழ்ந்தப்ப விழுந்திருக்கும். இரும்புதானே, அடியில போயிருக்கும். துடுப்பு ரெண்டும் மிதந்து கெடச்சுது."

"ஆளைக் கண்டுபிடிக்க மூழ்காளர்களுக்கு எத்தனை நாள் ஆச்சு?"

"நாளா? ஒரு காலைதான். படகு காத்துல கிழக்குக் கரைக்கு ஒதுங்கிடுச்சு. நாங்க அங்கதான் தேடியிருப்போம். தம்பி வெய்க்கோ வந்து, ஏரிக்குள்ள நீளுற முனைக்கு மேற்கால பாருங்கன்னாரு. அவருக்கு ஏரி அத்துப்படி."

ஹெல்வி கல்லை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஏரிக்கரையில் ஆர்வோவின் கேம்ப், விடுமுறைக்கு வந்து தங்கும் ஒரு சின்ன மரவீடு. அதைவிடச் சின்னதாக ஒரு சவுனா, அதன் வாசலிலிருந்து தண்ணீருக்குள் நீளும் ஒரு மரத்துறை. அவர் மனைவி இம்பி பெல்கோனன் உள்ளே கழுவிய கோப்பைகளைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் அழவில்லை. அழுது முடித்தவர் மாதிரியும் இல்லை.

"டின் கெடச்சுதா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"எந்த டின், இம்பி?"

"நீல மூடி போட்டது. கல்யாணத்துக்கு வந்தது. சனிக்கிழமை சவுனா ஒரு வாரம் எங்க வீட்ல, ஒரு வாரம் வெய்க்கோ வீட்ல. யார் போறாங்களோ அவங்க ஏலக்காய் ரொட்டி கொண்டுபோகணும். அன்னைக்கு வெய்க்கோ முறை. காலையில டவுன்ல ரொட்டி சுட்டு, டின்ல போட்டு, டேப் ஒட்டி ஆர்வோகிட்ட குடுத்து அனுப்பினேன். நான் ஞாயித்துக்கிழமைதான் இங்க வந்தேன்." கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "வெய்க்கோ அந்த டின்னை ஒரு தடவைகூட வெறுமையா அனுப்பினதில்ல. ஒரு மீனாவது வெச்சுத்தான் அனுப்புவாரு."

"அன்னைக்கு வெய்க்கோ என்ன பண்ணிட்டிருந்தாராம்?"

"அடுப்பு மூட்டிட்டு உக்காந்திருந்தாராம். அண்ணன் வரலைன்னதும் தூங்கிட்டாராம்."

ஹெல்வி துறைக்குப் போனாள். நீர் அசையாமல், கண்ணாடி மாதிரி இருந்தது. துறையின் நிழலில், இடுப்பளவு ஆழத்தில், மணலில் ஒரு நீண்ட பள்ளம் தெரிந்தது. ஒரு முனை கூர்மை, மறு முனை அகலம். பள்ளத்தைச் சுற்றி தட்டையான கற்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தன. சிலது பாசிப் பக்கம் மேலே, சிலது கீழே.

டெல்மர் எட்டிப் பார்த்தான். "பாஸ், ஏரிக்கு அடியில ஒரு படகு படுத்துத் தூங்கியிருக்கு."

"அதேதான். குளிர்காலம் முழுக்கக் காய்ஞ்சு கெடந்த மரப்படகு. பலகை சுருங்கியிருக்கும். உடனே ஏறினா ஒழுகும். அதனால கரையோரமா கல்லை ஏத்தி வேணும்னே மூழ்கடிச்சு வைப்பாங்க. ஒரு வாரத்துல பலகை ஊதி, இடுக்கு அடைச்சுக்கும். சூலோ சொன்னானே, ஊறப்போடணும்னு. ஆர்வோ கேட்டிருக்காரு. வருஷா வருஷம் அதே கல்லு, அதே இடம்."

"அரிசி ஊறப்போடுற மாதிரி."

"ஊறிக்கிட்டிருந்த படகுல ஏறி யாரும் எங்கேயும் போக மாட்டாங்க."

"ஒருவேளை அவரே சனிக்கிழமை வெளிய எடுத்து—"

ஹெல்வி சவுனாவின் முன்னறைக் கதவைத் திறந்தாள். துணி மாற்றும் அறை. பலகைச் சுவரில் வரிசையாக ஆணிகள். ஓர் ஆணியில் இரண்டு இரும்புக் கொண்டிகள் தோல்வாரில் கோத்துத் தொங்கின. வாருக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சிலந்தி வலை, அதன் மேல் போன வருடத்துத் தூசி. கொண்டி இல்லாமல் அந்தப் படகில் துடுப்புப் போட முடியாது.

பக்கத்து ஆணியில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். நெஞ்சில் மையால் 'ஆர்வோ' என்று எழுதியிருந்தது.

பின்னால் வந்து நின்ற இம்பி அதைப் பார்த்தார். "இது இல்லாம அவர் துறையை விட்டு நகர மாட்டாரே."

"எப்பவுமேவா?"

"சொந்தப் படகுன்னா எப்பவும். வெய்க்கோவோட கேனோன்னா, அந்த ஒடுங்கின சின்னப் படகுன்னா, வேண்டாம், அதுல எப்பவும் ரெண்டு ஜாக்கெட் கெடக்கும். நான் வருஷா வருஷம் கேட்டுக்கிட்டே இருப்பேன். ரெண்டு இருக்கா, ரெண்டு இருக்கான்னு. ஆர்வோ சிரிப்பாரு."

சொல்லி முடித்த பிறகு இம்பி அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார். தான் சொன்னது அவருக்கே அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். திரும்பி உள்ளே போனார். மறுபடி தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

ஏரியைச் சுற்றிப் போகும் மண் பாதையில் டெல்மர் வண்டியை மெதுவாக ஓட்டினான்.

"சரி பாஸ். ஆர்வோ படகுல போகல. நீந்தியும் போகல. நடந்து போறதுன்னா தண்ணிக்கு வேலையில்ல. அப்ப யாரோ வந்து கூட்டிட்டுப் போயிருக்காங்க."

"ம்."

"ஊறிக்கிட்டிருந்த படகு துறையிலயே இருந்தா, ஆர்வோ எதுல போனாருன்னு கேள்வி வரும். அதனால கல்லைத் தூக்கிப் போட்டுட்டு, படகைத் தள்ளி விட்டு, துடுப்பையும் தண்ணியில எறிஞ்சாச்சு. ஆனா கடைசி நாலஞ்சு கல்லை ஏன் விட்டாங்க?"

"அஞ்சு டிகிரி தண்ணியில கையை வெச்சிருக்கியா?"

"விஸ்கில ஐஸ் எடுக்கும்போது."

"கொஞ்ச நேரத்துல விரல் மடங்காது. கல்லு கையில இருக்கா இல்லையான்னே தெரியாது. விடலை, டெல்மர். எடுக்க முடியல." அவள் தன் வலது கையை மடியில் வைத்திருந்தாள். "இன்னொண்ணு யோசி. குளிர்ந்த தண்ணியில முழுகினவங்க மிதந்து வர வாரக்கணக்காகும். விழுந்த இடத்துலயே அடியில கெடப்பாங்க. படகுதான் காத்தோட போகும். எல்லாரும் படகு கெடந்த பக்கம் தேடப் போனப்ப, ஒருத்தர் மட்டும் சரியான இடத்தைக் காட்டினாரு."

டெல்மர் வண்டியின் வேகத்தை இன்னும் குறைத்தான்.

"தப்பிக்கணும்னு நெனைக்கிறவன் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பான்ல?" என்றான்.

"அண்ணனை அடியில விட்டுட்டு இருக்க முடியல போல."

வெய்க்கோ பெல்கோனன் வாசலிலேயே இருந்தார். அறுபது வயது, அகன்ற தோள், சவரம் செய்யாத முகம். இரண்டு கைகளிலும் நகங்கள் கறுத்து, ஒன்று பாதி பெயர்ந்திருந்தது. படிக்கட்டு அருகே கேனோ கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் அடிவயிற்றில் நீளமாக ஒரு புதுச் சிராய்ப்பு. தாழ்வாரத்தில் ஒரு கிழட்டு நாய் எழுந்திருக்க மனமில்லாமல் வாலை மட்டும் ஒரு தடவை தூக்கிப் போட்டது. அது படுத்திருந்தது ஓர் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டின் மேல்.

"இந்த ஏரியில புத்திசாலி இது ஒண்ணுதான். காய்ஞ்ச தரையிலகூட—" என்று டெல்மர் ஆரம்பித்தான். பிறகு ஜாக்கெட்டைப் பார்த்தான், கேனோவைப் பார்த்தான், நிறுத்திக்கொண்டான்.

"காபி இருக்கு" என்றார் வெய்க்கோ.

சமையலறையில் மூன்று கோப்பைகள் வைத்தார். ஊற்றும்போது பெயர்ந்த நகம் கோப்பையில் இடித்தது, அவர் கவனிக்கவில்லை. ஜன்னல் திட்டில் ஒரு நீல மூடி டின் இருந்தது. மூடியைச் சுற்றி ஒட்டிய டேப் பிரிக்கப்படவில்லை.

"தொட்டுக்க ஒண்ணும் இல்லையா?" ஹெல்வி கேட்டாள்.

வெய்க்கோ டின்னைப் பார்க்கவில்லை. "இல்ல."

"இம்பி அந்த டின்னைத் தேடிட்டிருக்காங்க."

அடுப்பில் கெட்டில் சத்தமிட்டு அடங்கியது. வெய்க்கோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு, கையில் பிடித்திருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி பிடித்துக்கொண்டே இருந்தார்.

"அது ஞாயித்துக்கிழமை மத்தியானம் என் கரையில ஒதுங்கிச்சு" என்றார். "திறக்கல. தூக்கி எறியவும் முடியல."

"எங்க கவிழ்ந்துச்சு?"

"முனை தாண்டினதும். பழைய மரக்கட்டை ஒண்ணு தண்ணிக்கு அடியில நின்னுக்கிட்டு இருந்திருக்கு. கேனோ அது மேல ஏறிடுச்சு. கட்டை மேல உக்காந்து ஒரு சுத்து சுத்தி, அவ்வளவுதான். ஆர்வோ கதை சொல்லிட்டு வந்தாரு. பாதிக் கதையில."

"ஜாக்கெட்?"

"ஒண்ணுதான் இருந்துச்சு. எனக்கு நீந்தத் தெரியாது. நீ போட்டுக்கோன்னாரு. துறையிலயே சொன்னாரு. ரெண்டாவது எங்கடான்னு கேட்டாரு. பனிக்காலத்துல நாய்க்கு இடுப்பு வலின்னு படுக்க அதைப் போட்டேன், எடுக்க மறந்துட்டேன்னேன். சிரிச்சாரு. இம்பிகிட்ட சொல்லாதேன்னாரு." கரண்டியைத் திருப்பினார். "தன்னோடதை உள்ள போய் எடுத்துட்டு வந்திருக்கலாம். பத்து அடி. வேண்டாம், சவுனா ஆறிடும்னாரு."

டெல்மர் தன் கோப்பையைத் தொடவே இல்லை.

"அப்புறம்?"

"ரெண்டு பேரும் கேனோவைப் புடிச்சுக்கிட்டோம். கரை கிட்டத்துல தெரிஞ்சுது. நான்தான் சொன்னேன். உனக்கு நீந்தத் தெரியுமே, போ, போய்க் கயிறு கொண்டான்னு. போனாரு. பாதி தூரம் நல்லாத்தான் போனாரு. அப்புறம் கை தூக்கல. கூப்புடக்கூட இல்ல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு எதுவும் தோணல. கை, கால், மண்டை, எதுவும் இல்ல. காத்து என்னை இங்க கொண்டுவந்து போட்டுச்சு. தவழ்ந்து போனா சவுனா சுடச்சுட இருந்துச்சு. அவருக்காக மூட்டினது."

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஹெல்வி அந்த மாதிரிக் குரலை நிறையக் கேட்டிருக்கிறாள். பல் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போட்ட மாதிரி, பேசுகிறவருக்கே வாய் எங்கே இருக்கிறது என்று தெரியாத குரல்.

"ஏன் சொல்லல?"

"ராத்திரி முழுக்க இம்பிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சேன். விடிஞ்சதும் போய் அந்தப் படகைத் தள்ளி விட்டேன். ஏரி எடுத்துக்கிச்சுன்னு எழுதுவாங்கன்னு நெனச்சேன். ஏரியை யாரு ஜெயில்ல போடுவாங்க? சூலோ பேரைச் சொல்வாங்கன்னு நெனைக்கல. சொன்னப்ப, நான் ஏற்கெனவே 'காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்'னு சொல்லி முடிச்சிருந்தேன்."

"சூலோ கொட்டகை காலி. கடைசிப் படகும் இன்னைக்குப் போயிடுச்சு."

வெய்க்கோ தலையசைத்தார். "தெரியும். அதுல ஒண்ணு என்னோடது. எல்லாரும் எடுக்கறாங்களே, நான் எடுக்கலைன்னா கேப்பாங்கன்னு எடுத்தேன்."

டெல்மர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். வெளியே நாய் வாலைத் தூக்கிப் போடும் சத்தம் கேட்டது.

"நாளைக்குக் காலையில விசாரணை" என்றாள் ஹெல்வி. "பர்டிகிட்ட நான் சொல்லணும். படகு, கொண்டி, கல்லு எல்லாத்தையும். நீங்களே சொன்னா அது வேற."

"இம்பிகிட்ட?"

"அது நீங்கதான்."

வெய்க்கோ கரண்டியை மேஜை மேல் வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, ஜன்னல் திட்டிலிருந்த டின்னை எடுத்தார். வாசலில் குனிந்து நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பினார். அது எழுந்து நகர்ந்தது. அவர் ஜாக்கெட்டை எடுத்து முடியைத் தட்டிவிட்டு, தோளில் போட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் வெய்க்கோ பின்னிருக்கையில் டின்னை மடியில் வைத்திருந்தார்.

இம்பி வாசலில் நின்றிருந்தார். வெய்க்கோ வண்டியிலிருந்து இறங்குவதையும் அவர் தோளில் இருந்ததையும் பார்த்தார். டின்னை வாங்கி, டேப்பைப் பிரித்து, மூடியைத் திறந்தார். ரொட்டி முழுதாக இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார்.

"காய்ஞ்சு போச்சு" என்றார்.

"ஆமா" என்றார் வெய்க்கோ.

"உள்ள வா."

கதவு மூடிக்கொண்டது. ஹெல்வியும் டெல்மரும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஹெல்வி வலது கை விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். பிறகு, போலீஸ் நிலையத்துக்குப் போகலாம் என்றாள்.

மறுநாள் விசாரணையில் வெய்க்கோ பெல்கோனன் சாட்சி சொன்னார். கேனோ கவிழ்ந்து குளிர்ந்த நீரில் மூழ்கியதால் ஏற்பட்ட விபத்து மரணம், மரப்படகைப் பழுது பார்த்ததில் குறை எதுவும் இல்லை என்று அதிகாரி எழுதினார். பொய் சொன்னதற்காக வெய்க்கோ மேல் தனி வழக்குப் பதிவானது. கோடையில் சில படகுகள் சூலோவின் கொட்டகைக்குத் திரும்பி வந்தன. சில வரவில்லை. ஆர்வோவின் படகை போலீஸ் விடுவித்தது. அதை எடுத்துப்போக யாரும் வரவில்லை.